ஒட்டும் ரயர், நிற்காத கார்: ஏ.பி.எஸ் பிறேக்குக்குப் பொருந்தும் ட்றாக் ரயரைத் தெரிவு செய்வது எப்படி?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் ஒரு பழைய கேள்விக்குப் புது உயிர் வந்திருக்கிறது. கையில் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது, ஒரு நாளாவது றேஸ் ட்றாக்கில் ஓட்டிப் பார்க்க ஆசை. எந்த ரயர் போடலாம்?

கேட்பவருக்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. "ரயர் எவ்வளவு ஒட்டுமோ அவ்வளவு கெதியாகக் கார் நிற்கும்" என்கிறார் கடைக்காரர். கனடாவிலோ லண்டனிலோ ட்றாக்கில் ஓட்டிப் பழகிய சொந்தக்காரர் வேறு கதை சொல்கிறார்: "ஸ்லிக் (பள்ளம் வெட்டாத, வழவழப்பான பந்தய ரயர்) போட்ட அன்றுதான் பெடல் கல்லு மாதிரி இறுகிக் கார் நேரே போனது."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ரயர் ஒட்டுவது ஒரு விஷயம், அந்த ஒட்டலை பிறேக்கின் கணினி விளங்கிக்கொள்வது இன்னொரு விஷயம். குழப்பம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

ஏ.பி.எஸ் என்ன செய்கிறது?

யாழ்ப்பாணத்து வீதிகளில் பல பத்தாண்டுகள் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் ஏ.பி.எஸ், அதாவது சில்லு பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் பிறேக் அமைப்பு, கிடையாது. பிறேக்கை உதைத்து மிதித்தால் சில்லு பூட்டிக்கொள்ளும். பூட்டிய சில்லு உருளாது, இழுபடும். அதோடு ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. அனுபவமுள்ள சாரதி பெடலை விட்டு விட்டு மிதித்துச் சமாளிப்பார்.

அந்தக் காலின் வேலையைத்தான் ஏ.பி.எஸ் எடுத்துக்கொண்டது. நாலு சில்லுக்குமான மின்னணு ஏ.பி.எஸ்ஸை பொஷ் நிறுவனம் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காருக்குக் கொடுத்தது. இன்றைய காரில் அதன் பாகங்கள் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

1. ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு வேக சென்சர். சில்லு எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணுவது மட்டுமே அதன் வேலை.
2. ஒரு கணினி. எண்ணிக்கையைப் பார்த்து எந்தச் சில்லு பூட்டப் போகிறது என்று தீர்மானிக்கும்.
3. வால்வுகளும் ஒரு பம்பும். ஒவ்வொரு சில்லின் பிறேக் ஒயில் அழுத்தத்தையும் தனித்தனியே நிறுத்தி வைக்கும், குறைக்கும், திரும்ப ஏற்றும்.

இந்தச் சுழற்சி ஒரு செக்கனுக்குள் பத்துத் தடவைக்கு மேலும் நடக்கக்கூடும். அவசரத்தில் மிதிக்கும்போது பெடல் காலடியில் 'கிர்ர்' என்று அதிர்வது அதனால்தான்.

நழுவல் வீதம்

இந்தக் கட்டுரையில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கலைச்சொல் ஒன்றே ஒன்றுதான். பிறேக் பிடிக்கும்போது சில்லின் வேகம் காரின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கார் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகிறது, சில்லு 88 கிலோமீற்றர் வேகத்துக்குரிய சுற்றுத்தான் சுற்றுகிறது என்றால், நழுவல் வீதம் 12 சதவீதம். சுதந்திரமாக உருளும் சில்லுக்கு அது 0, முழுதாகப் பூட்டிய சில்லுக்கு 100.

ரயர் அதிகமாகப் பிடிப்பது இந்த இரண்டு முனையிலும் அல்ல. சாதாரண வீதி ரயர் உலர்ந்த தாரில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீத நழுவலில்தான் தன் உச்சப் பிடியைக் கொடுக்கும். சில்லை அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதே ஏ.பி.எஸ்ஸின் முயற்சி.

இங்கேதான் ட்றாக் ரயர் வேறுபடுகிறது. வீதி ரயரின் உச்சம் ஒரு மண்மேடு மாதிரி: தலை அகலம், ஒரு அடி முன்னே பின்னே போனாலும் மேட்டிலேயே நிற்கலாம். ஸ்லிக் ரயரின் உச்சம் பனை வட்டில் நிற்பது மாதிரி: மிக உயரம், ஆனால் கால் வைக்க இடமில்லை. பக்கச் சுவர் விறைப்பாக இருப்பதாலும் மேற்பரப்பில் நெளியக்கூடிய கட்டைகள் இல்லாததாலும் பெரும்பாலான ஸ்லிக் ரயர்கள் குறைந்த நழுவலிலேயே உச்சத்தை எட்டிவிடும். உச்சத்தைத் தாண்டியதும் பிடி சட்டென்று விழும்.

அகலமான மேட்டுக்கென்று பழக்கப்படுத்திய கணினி, பனையில் ஏறினால் என்ன செய்யும்?

காரின் உண்மையான வேகம் கணினிக்குத் தெரியாது

பலருக்கு இது வியப்பாக இருக்கும். ஏ.பி.எஸ் கணினி நிலத்தைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது நாலு சில்லுகளின் சுற்று மட்டுமே. புதிய கார்களில் கார் எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்று அளக்கும் இன்னொரு சென்சரும் துணைக்கு இருக்கும். இவற்றை வைத்துக் காரின் வேகத்தைக் கணினி ஊகிக்கிறது. பொதுவாக, பிறேக் பிடிக்கும்போது அதிக வேகமாகச் சுற்றும் சில்லுத்தான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது என்பது அதன் ஊகம்.

சரி, நாலு சில்லும் ஒரே நேரத்தில் நழுவினால்? அப்போது ஊகத்துக்கு ஒரு எல்லை தேவைப்படுகிறது. 'தார் வீதியில் ஒரு கார் இதைவிடக் கெதியாக வேகம் குறைய முடியாது' என்று ஒரு கோடு.

நல்ல வீதி ரயர் போட்ட கார் உலர்ந்த தாரில் ஏறத்தாழ ஒரு ஜி அளவில் வேகம் குறையும். அதாவது ஒவ்வொரு செக்கனும் மணிக்கு 35 கிலோமீற்றர் குறையும். ஸ்லிக் போட்ட கார் 1.3 ஜி எட்டினால், செக்கனுக்கு 46 கிலோமீற்றர் குறையும். கோடு 35க்குக் கொஞ்சம் மேலே போடப்பட்டிருந்தால், கார் நன்றாக நிற்பதையே கணினி நம்பாது. 'சில்லுகள் எல்லாம் நழுவுகின்றன, கார் இன்னும் வேகமாகத்தான் போகிறது' என்று கணக்குப் போட்டு, பிடித்துக்கொண்டிருக்கும் பிறேக்கைத் தளர்த்தும்.

கணினியைத் திட்டிப் பயனில்லை. தனக்குக் கற்றுத் தந்த ரயரை வைத்துப் பார்த்தால் அது சொல்வது சரி.

பெடல் கல்லாகும் நேரம்

ஆங்கிலம் பேசும் நாடுகளின் ட்றாக் ஓட்டிகள் இதை 'ஐஸ் மோட்' என்பார்கள். உறைபனி வீதியில் கார் போகிறது என்று கணினி நினைத்துவிடும் நிலை. உறைபனியைக் கண்டிராத எங்களுக்குப் பெயர் அந்நியம்தான், நடக்கும் சங்கதி விளங்கும்.

நேர்ப்பாதையின் முடிவில் சாரதி பிறேக்கை ஒரே அடியாக அறைகிறார். காரின் பாரம் முன்பக்கம் சாய்ந்து முன் ரயர்களை நிலத்தோடு அழுத்துவதற்குச் சிறிது நேரம் வேண்டும், ஒரு செக்கனில் ஒரு பங்குதான். அதற்கு முன்பே பிறேக் முழுப் பலத்தோடு பிடித்துவிடுகிறது. பாரம் ஏறாத சில்லு மளமளவென்று வேகம் இழக்கிறது. ரயர் பனை வட்டிலிருந்து வழுக்கி விழுகிறது. இவ்வளவு சுலபமாகச் சில்லு பூட்டினால் கீழே தார் இருக்க முடியாது, பனியாகத்தான் இருக்க வேண்டும் என்று கணினி முடிவெடுக்கிறது. பிறேக் ஒயில் வரும் வழியை மூடி, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் இறக்கிவிடுகிறது.

வழி மூடப்பட்டதால் பெடலுக்குக் கீழே ஒயில் போக இடமில்லை. அதுதான் கல். இன்னும் பலமாக மிதித்தாலும் அந்தப் பலம் சில்லுக்குப் போய்ச் சேராது.

மணிக்கு 100 கிலோமீற்றரிலிருந்து நிற்பதற்கு, வெறும் கணக்குப்படி, ஒரு ஜியில் சுமார் 39 மீற்றர் வேண்டும். 1.2 ஜி தரும் ட்றாக் ரயர் என்றால் 33 மீற்றர் போதும். கணினி ஏமாந்து 0.4 ஜிக்குத் தேவையான அழுத்தத்தை மட்டும் விட்டுவைத்தால் 98 மீற்றர். 6 மீற்றர் மிச்சம் பிடிக்கப் போய் 59 மீற்றர் கைவிட்டுப் போகிறது.

இதற்கு வழிவிடும் வேறு காரணங்களும் உண்டு. கடுமையாகக் கடிக்கும் றேஸ் பிறேக் பாட் போட்டால் அழுத்தம் எழும் வேகம் கூடும். பிறேக் பிடிக்கும் இடத்தில் நிலம் மேடுபள்ளமாக இருந்தால் சில்லு ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், அந்தக் கணத்திலேயே பூட்டும். வளைந்துகொண்டே பிறேக் பிடித்தால் உள்பக்கச் சில்லில் பாரம் இராது. இந்த மூன்றையும் ரயரோடு சேர்த்துப் பார்க்காதவர்கள்தான் 'ரயர் சரியில்லை' என்று ரயரை மாற்றி மாற்றிக் காசு கொட்டுகிறார்கள்.

"அப்படியென்றால் ஏ.பி.எஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டால் போச்சு" என்பவர்கள் உண்டு. வேண்டாம். இன்றைய பல கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் பிறேக்கைப் பங்கிடுவதும் அதே கணினிதான். அதை நிறுத்தினால் பின் சில்லுகள் முதலில் பூட்டலாம். பின் சில்லு பூட்டிய கார் நேரே போகாது, சுழலும்.

விட்டம் என்னும் சின்னக் கணக்கு

ரயரின் ஒட்டலைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். விட்டத்தைப் பற்றிக் கதைப்பவர் குறைவு. ஏ.பி.எஸ்ஸுக்கு அது முக்கியம், ஏனென்றால் சென்சர் எண்ணுவது சுற்றை. பெரிய சில்லு மெதுவாகச் சுற்றும், சின்னச் சில்லு வேகமாகச் சுற்றும். நாலும் ஒரே அளவு என்று நம்பும் கணினிக்கு, மெதுவாகச் சுற்றும் சில்லு நழுவும் சில்லாகத் தெரியும்.

ரொயோட்டா 86 காரை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலிருந்து பல நாடுகளுக்கு அது 215/45 ஆர் 17 ரயரோடு வந்தது. 215 என்பது மில்லிமீற்றரில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம். 17 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். இரண்டு பக்கச் சுவரையும் றிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் 625 மில்லிமீற்றர்.

- நாலு பக்கமும் 225/45 போட்டால் விட்டம் 634. ஏறத்தாழ 1.4 சதவீதம் பெரிது. நாலும் ஒன்றாகப் பெரிதானதால் ஏ.பி.எஸ்ஸுக்குப் பெரிய குழப்பமில்லை. வேகமானி கொஞ்சம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான்.
- நாலு பக்கமும் 245/40 போட்டால் 628. மூல அளவுக்கு மிகக் கிட்ட. றிம் அகலமும் சில்லுக் குழியின் இடமும் ஒத்துவந்தால் நல்ல தெரிவு.
- கையில் அகப்பட்டது என்று முன்னுக்கு 225/45உம் பின்னுக்கு 235/40உம் போட்டால்? முன் விட்டம் 634, பின் விட்டம் 620. வேறுபாடு 2.3 சதவீதம்.

மூன்றாவதுதான் வினை. பிறேக்கைத் தொடாமல் நேரே ஓடும்போதே முன் சில்லுகள் 2.3 சதவீதம் நழுவுவதாகக் கணினிக்குத் தோன்றும். காரை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிறேக்கினது. அந்த முன் பிறேக்கையே ஏ.பி.எஸ் தேவைக்கு முன்னால் தளர்த்தத் தொடங்கும். சிறு வேறுபாடுகளைப் பல கார்களின் கணினி ஓட்டத்திலேயே கண்டு சரிக்கட்டிக்கொள்ளும், ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு.

எல்லாக் காருக்கும் நாலு சில்லும் சமமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 992 வகைப் போர்ஷ 911 கரேரா எஸ் காரில் முன்னுக்கு 245/35 ஆர் 20, பின்னுக்கு 305/30 ஆர் 21. கணக்குப் பார்த்தால் பின் ரயர் 5 சதவீதத்துக்கு மேல் பெரிது. அந்தக் காரின் கணினிக்கு அந்த வேறுபாடுதான் சரியான நிலை. 'எல்லாம் சமமாக இருக்கட்டும்' என்று நாலையும் ஒரே விட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் அது குழம்பும். ஆகவே காக்க வேண்டியது விட்டத்தை மட்டும் அல்ல, முன்னுக்கும் பின்னுக்கும் தொழிற்சாலை வைத்த விகிதத்தை.

தேய்மானமும் இந்தக் கணக்குக்குள் வரும். 8 மில்லிமீற்றர் ஆழம் இருந்த ரயர் 2 மில்லிமீற்றருக்குத் தேய்ந்தால் விட்டம் 12 மில்லிமீற்றர் குறையும். 625இல் அது ஏறத்தாழ 2 சதவீதம். (உள்ளிருக்கும் உருக்குப் பட்டியின் நீளம் மாறாததால் உருளும் சுற்றளவு அவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும்.) இரண்டு ரயரை மட்டும் புதுசாக மாற்றும் எங்கள் ஊர்ச் சிக்கனம் வீதியில் ஓடும் காருக்குப் பரவாயில்லை. ட்றாக்குக்குப் போகும் காருக்கு நாலையும் சேர்த்து மாற்றுவதே சரி.

தேய்மான எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ரயரின் பக்கத்தில் 'ட்றெட்வெயர்' என்று ஒரு எண் இருக்கும். அமெரிக்காவின் தர ஒழுங்கின்படி போடப்படுவது. 100 என்பது ஒப்பீட்டு ரயர், 200 என்றால் சோதனை வீதியில் அதைவிட இரண்டு மடங்கு தாக்குப்பிடிக்கும் என்று பொருள். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடி அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் 300. பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்.இ-71 ஆர்.எஸ், யொக்கொஹாமா அட்வான் ஏ052 இரண்டும் 200. ரொயோ ஆர்888ஆர் 100. ஹூசியர் ஆர்7 40. சுத்தமான ஸ்லிக்குக்கு இந்த எண்ணே இராது.

எண்ணைப் போடுவது ரயர் நிறுவனமே. அதனால் இரண்டு நிறுவனங்களின் 200 ஒன்றல்ல. அதைவிட முக்கியம், ஏ.பி.எஸ்ஸோடு எப்படி நடந்துகொள்ளும் என்று இந்த எண் எதுவும் சொல்லாது. பக்கச் சுவரின் விறைப்பு இதில் இல்லை. 200 என்பதைப் பார்த்ததும் காசை எண்ணிக் கொடுப்பவர்கள் கவனிக்க.

வாங்கும்போது பார்க்கும் ஒழுங்கு

1. கார் நிறுவனமே உங்கள் மொடலுக்கு ட்றாக் ரயர் ஏதாவது அங்கீகரித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போர்ஷவுக்கான ரயரில் 'என்' எழுத்தும், பிஎம்டபிள்யூவுக்கானதில் நட்சத்திரக் குறியும் இருக்கும். அந்த ரயரோடு அந்தக் காரை ஓட்டிப் பார்த்துத்தான் குறியைக் கொடுத்திருப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் மேலே யோசிக்கத் தேவையில்லை.

2. கிடைக்காவிட்டால் ஒரு படி மட்டும் ஏறுங்கள். 300இலிருந்து 200க்கு வரலாம். 300இலிருந்து ஸ்லிக்குக்குத் தாவுவதுதான் வம்பு. முதல் தடவை ட்றாக்குக்குப் போகிறவருக்கு 200 வகையே தேவைக்கு அதிகம் என்பது என் எண்ணம்.

3. பெயரளவு விட்டத்தை நம்பாமல், ரயர் நிறுவனத்தின் தரவுத்தாளில் 'ஒரு மைலுக்கு எத்தனை சுற்று' என்பதைப் பாருங்கள். ஒரே அளவு எழுதிய இரண்டு நிறுவன ரயர்கள் இதில் வேறுபடும். முன்-பின் விகிதம் மூல விகிதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். 2ஐத் தாண்டினால் அந்த ரயரை எடுக்க மாட்டேன்.

4. நாலும் ஒரே நிறுவனம், ஒரே வகை. பக்கத்தில் நாலு இலக்கத்தில் தயாரித்த திகதி இருக்கும்: 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மென்ரப்பர் ரயர் அலுமாரியில் இருந்தாலும் காலத்தால் இறுகும். பாவித்த ட்றாக் ரயரை மலிவென்று வாங்குவது, பிடியை வேறு யாரோ செலவழித்துவிட்ட ரயரை வாங்குவது.

5. ரயரையும் பிறேக் பாட்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பெடல் கல்லானால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

6. ஸ்லிக்தான் வேண்டும் என்றால் ஏ.பி.எஸ்ஸையும் மாற்ற வேண்டியிருக்கும். பொஷ் நிறுவனத்தின் பந்தயப் பிரிவு எம்5 போன்ற தொகுதிகளை விற்கிறது. சாரதி ஒரு குமிழைத் திருகி, ரயருக்கும் ஈரத்துக்கும் ஏற்றபடி தலையீட்டைக் கூட்டிக் குறைக்கலாம். விலை ஆயிரக்கணக்கான டொலர். வார இறுதி ஆசைக்கு இது பொருந்தாது.

யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்த்தால்

வடக்கில் தார் றேஸ் ட்றாக் இல்லை. பக்கத்து அநுராதபுரத்தில் நடப்பது மண் பந்தயம். மண்ணிலும் சரளையிலும் பூட்டிய சில்லு தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும். ஏ.பி.எஸ் சில்லைப் பூட்ட விடாததால் அங்கே நிற்கும் தூரம் கூடலாம், எந்த ரயர் போட்டாலும். நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் பிரச்சினை வேறு: குளிரில் ஒரு சிறு ஓட்டம், ட்றாக் ரயர் சூடாகிப் பிடிக்கத் தொடங்க நேரமில்லை. ஆறிய ட்றாக் ரயரை நல்ல வீதி ரயர் வென்றுவிடலாம்.

தாரில் சுற்றி ஓட வேண்டுமென்றால் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கே 400 கிலோமீற்றர் அளவு, அதற்கும் தெற்கே போக வேண்டும். ட்றாக் ரயரிலேயே அவ்வளவு தூரமும் ஓடிப் போவது இரண்டு விதத்தில் நட்டம். ரயர் போய்ச் சேர முன்பே தேயும். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை வடக்கில் கொட்டும் மழையில், ஆழமில்லாத பள்ளங்களால் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் ஆனையிறவுப் பக்கம் கார் தண்ணீரில் மிதக்கும். மிதக்கும் சில்லுக்கு ஏ.பி.எஸ் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

வேறு நாலு றிம்மில் ட்றாக் ரயரைப் பூட்டிக் காருக்குள் ஏற்றிக்கொண்டு போவதே வழி. ரொயோட்டா 86இல் பின் இருக்கையை மடித்தால் நாலு சில்லும் உள்ளே கொள்ளும், அப்படி யோசித்துத்தான் அதைக் கட்டினார்கள். அங்கே போய் மாற்றிய பிறகு, ரயர் அழுத்தக் காட்டியை மீள அமைத்து, சில கிலோமீற்றர் நேரே நிதானமாக ஓட்டுங்கள். புதிய விட்டத்தைக் கணினி பழகிக்கொள்ளட்டும். பிறகு வெறுமையான நேர்ப்பாதையில் மூன்று தரம் பிறேக் பிடித்துப் பாருங்கள்: மெல்ல, நடுத்தரமாக, கடைசியில் ஏ.பி.எஸ் வேலை செய்யும் அளவுக்குப் பலமாக. பெடல் சீராக, வேகமாக அதிர்ந்தால் ரயரும் கணினியும் ஒத்துப்போகின்றன. ஒரு நீண்ட தள்ளலாகத் தள்ளி இறுகினால், பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்து, திரும்ப அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். மதில் எதிரே வரும்போது காலை எடுக்க மனம் வராது. அதனால் அந்தப் பழக்கத்தை மதில் இல்லாத இடத்திலேயே காலுக்குக் கொடுத்துவிட வேண்டும்.